பெயர் எழுதும் முன்: முள் ப்ரொமிலியாட் வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செடி மாற்றிக்கொள்ளும் நண்பர்களுக்கு,

நம் கூட்டத்துக்கு வரும் ப்ரொமிலியாட் தொட்டிகளில் சமீபகாலமாகப் பெயர்ச்சீட்டுகள் முளைத்திருக்கின்றன. முன்பெல்லாம் "முள்ளு குரோட்டன்ஸ்" என்று சொல்லிக் கைமாறிய செடி இப்போது லத்தீன் பெயரோடு வந்து உட்காருகிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒரே தாய்ச்செடியிலிருந்து போன கன்றுகள் ஒரு மேஜையில் டிக்கியா ப்ரெவிஃபோலியா என்றும், அடுத்த மேஜையில் ஹெக்டியா என்றும், வாசலோர மேஜையில் குட்டி அகேவ் என்றும் இருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேட்பது இவ்வளவுதான்: பூவைப் பார்க்காமல் இனப்பெயர் எழுதாதீர்கள். பேரினம் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். அதுவும் தெரியவில்லையா, அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தப்பான பெயர் உங்கள் மாடியோடு நிற்காது. கன்றோடு அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தக் கன்று ஈனும் கன்றோடு இன்னொரு வீட்டுக்கும் போகும். நாலு கை மாறிய பிறகு, முதலில் எழுதியவர் சும்மா ஊகித்துத்தான் எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது.

இந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பீர்கள். நம்மிடம் இருப்பவற்றில் ஒன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததில்லை. ப்ரொமிலியேசி குடும்பத்தில் 3,500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. பிட்கெர்னியா ஃபெலிசியானா என்ற ஒன்று மட்டும் எப்படியோ அட்லாண்டிக்கைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவில் கினியாவின் பாறைகளில் வாழ்கிறது. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த அன்னாசி நம்மூர்ப் பழமாகவே ஆகிவிட்டது. கொல்லிமலைக்காரரிடம் அது வெளிநாட்டுச் செடி என்று சொன்னால் சிரிப்பார். மற்றதெல்லாம் நர்சரி லாரியில் வந்தவை. வேலியோரக் கொடி என்றால் பெயர் சொல்ல ஊரில் ஒரு பாட்டியாவது இருப்பார். இவற்றுக்கு அப்படி ஒருவரும் இல்லை. காட்டுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் வழியில்லை. போதாக்குறைக்கு, தொட்டியில் இருப்பதில் பாதி எந்தக் காட்டிலும் இல்லாத கலப்பினம்.

முதல் கேள்வி, இது ப்ரொமிலியாட் தானா? முள் வைத்த இலைகள் வட்டமாக அடுக்கி நின்றால் நமக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. சோற்றுக்கற்றாழையின் இலையைக் கீறினால் உள்ளே வழவழவென்ற சோறு இருக்கும். அதில் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது அகேவ்தான், நாம் ரயில் கற்றாழை, ஆனைக்கற்றாழை என்று சொல்லும் கூட்டத்தின் குட்டி ரகங்கள். இலையின் நடுப்பரப்பை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். குருத்தில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தபோது பக்கத்து இலையின் முட்கள் அழுத்திய தடம் அகேவில் அச்சு விழுந்ததுபோல் இருக்கும். ப்ரொமிலியாடில் தேட வேண்டியது வேறு. இலையின் அடிப்புறத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் (நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்வது போதும்) வெள்ளி நிறத்தில் நுண்ணிய செதில்கள் வரிவரியாகப் படிந்திருக்கும். டிக்கியாவின் இலையடியில் வெண்கோடுகள் ஓடுவதாக நாம் நினைப்பது இந்தச் செதில் வரிசைகளைத்தான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அழிந்துவிடும், திரும்ப வராது. சோதிக்க வேண்டுமென்றால் அடியில் காயப்போகும் பழைய இலையில் சோதியுங்கள்.

பூ இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது. அகேவுக்கும் கற்றாழைக்கும் மருளுக்கும் ஆறு இதழ்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ப்ரொமிலியாடில் வெளியே மூன்று புல்லிதழ், உள்ளே மூன்று அல்லிதழ்; இரண்டும் வேறு வேறு என்று பார்த்தவுடன் தெரியும்.

அடுத்தது, இது நிலவாழ் செடியா, மண்ணில் நட்ட தண்ணீர்த்தொட்டிச் செடியா? நியோரெஜீலியா, பில்பெர்ஜியா, ஈக்மியா போன்றவை இயல்பில் பெரும்பாலும் மரத்தையோ பாறையையோ பற்றிக்கொண்டு, இலைகளுக்கு நடுவே மழைநீரைச் சேர்த்துக் குடிப்பவை. நம் வீடுகளில் அவற்றைச் செம்மண்ணில் நட்டு வைத்திருக்கிறோம், அவையும் பொறுத்துக்கொண்டு வளர்கின்றன. அதனால் நிலவாழ் என்று எழுதிவிட முடியாது. ஒரு குவளைத் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் அது தொட்டி வகை. டிக்கியாவிலோ கிரிப்டாந்தஸிலோ ஊற்றியது மண்ணுக்கு ஓடிவிடும். அவை வேரால் குடிப்பவை. மழைக்காலத்தில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க மாநகராட்சி ஊழியர் மாடியேறி வரும்போது இந்த வித்தியாசம் பயன்படும். தண்ணீர் தேங்கும் செடிகளை நீங்களே முன்கூட்டிக் கழுவி ஊற்றிவிடலாம். எல்லா முள்செடியையும் அவர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

இனி டிக்கியாவுக்கு வருகிறேன். நம் கூட்டத்தில் அதிகம் புழங்குவதும் அதிகம் தப்பாக எழுதப்படுவதும் இதுதான். இந்தப் பேரினம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, பெரும்பகுதி பிரேசில். வெயில் தாங்கும், தடித்த இலை, விளிம்பில் கொக்கி முள். தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும் சாகாது. ஆனால் பாலைவனச் செடி என்று நினைத்து யாரும் காயப்போட வேண்டாம். டிக்கியா ப்ரெவிஃபோலியா பிரேசிலின் தெற்கில் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் ஆற்றோரப் பாறைகளில், வெள்ளம் வந்தால் முழுகிப்போகும் இடங்களில் வாழ்வது. கோடையில் தாராளமாகத் தண்ணீர் விடலாம்.

டிக்கியாவை ஹெக்டியாவிலிருந்து இலையை வைத்துப் பிரிக்க முயன்றால் தலைவலிதான் மிஞ்சும். மெக்சிகோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஹெக்டியாவுக்கும் அதே தடிப்பு, அதே வெள்ளிப்பூச்சு, அதே முள். பூத்தண்டு வரும்வரை காத்திருங்கள். டிக்கியாவில் தண்டு இலையடுக்கின் நடுவிலிருந்து வராது. பக்கவாட்டில், ஏதோ ஒரு இலையின் கக்கத்திலிருந்து எழும். அதனால்தான் பூத்து முடிந்த பிறகும் அந்தத் தலை சாகாமல் அடுத்த ஆண்டும் பூக்கிறது. "எங்கள் வீட்டுச் செடி வருஷா வருஷம் அதே தலையில் பூக்கிறது, வியாதியா?" என்று கேட்டவர்கள் உண்டு. வியாதி இல்லை, அதுவே ஒரு நல்ல அடையாளம். மற்ற பெரும்பாலான ப்ரொமிலியாடுகளில் பூத்த தலை கன்றுகளை ஈன்றுவிட்டு மெல்லக் காய்ந்துவிடும்.

பூவின் நிறமும் பேசும். டிக்கியாவில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு கலந்த ஆரஞ்சு. தடித்த, மெழுகு போன்ற இதழ்கள். நம் மாடிகளில் அதைத் தேடித் தேன்சிட்டு வரும், தண்டில் எறும்பு ஊரும். ஹெக்டியாவில் பெரும்பாலும் வெளுத்த சிறு பூக்கள், அதுவும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. உங்கள் பூவை ஒரு பழைய பிளேடால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து லென்ஸில் பாருங்கள். மகரந்தம் உதிரும் ஆறு தண்டுகளும், நடுவில் முழுசாக வளர்ந்த சூலகமும் ஒரே பூவில் இருந்தால் அது ஹெக்டியா அல்ல.

பிளந்ததைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், அதிலேயே இன்னொன்றையும் பார்க்கலாம். இதழ்கள் புறப்படும் இடத்துக்கு மேலே சூலகம் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது இதழ்களுக்குக் கீழே காம்போடு காம்பாகப் புதைந்திருக்கிறதா? மேலே என்றால் டிக்கியாவின் உறவுக்காரர்கள் பக்கம்; காய் முற்றி உலர்ந்து வெடிக்கும், விதை தட்டையாகச் சிறு இறக்கையோடு இருக்கும். கீழே என்றால் அன்னாசி, ப்ரொமிலியா, கிரிப்டாந்தஸ் பக்கம். அங்கே காய் வெடிக்காது, விதைக்கு இறக்கையும் இருக்காது. இந்த ஒரு வெட்டில் குடும்பத்தின் பாதியை ஒதுக்கிவிடலாம். லைமன் ஸ்மித்தும் ராபர்ட் டவுன்ஸும் 1974, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாகக் கொண்டுவந்த பெரும் தொகுப்புதான் இந்தக் குடும்பத்துக்கு நீண்ட காலம் ஆதார நூல். அதன் திறவுகோல்களும் காயையும் விதையையும் சூலகத்தையும் கேட்டுக்கொண்டுதான் உள்ளே விடுகின்றன. வெறும் இலையோடு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

சரி, பூவும் பார்த்தாயிற்று, டிக்கியா என்று உறுதியாயிற்று. இனம் எழுதலாமா? என் கருத்தில், விதையிலிருந்து வந்த செடி என்றால் எழுதக்கூடாது. டிக்கியாக்கள் தங்களுக்குள் சுலபமாகக் கலப்பவை. ஒரே மேஜையில் இரண்டு டிக்கியா ஒரே சமயம் பூத்தால் தேன்சிட்டே கலப்பினத்தை உண்டாக்கிவிடும். வெள்ளிப் பூச்சும் பெரிய முட்களும் கொண்ட மார்னியர்-லபோஸ்டோலி, சுருண்ட முட்கள் கொண்ட ஃபோஸ்டீரியானா, இரண்டும் கலப்பாளர்களுக்கு மிகப் பிடித்த பெற்றோர். அவற்றின் சாயல் பேரன் பேத்திகள் வரைக்கும் தெரியும். சாயலைப் பார்த்து அசல் பெயரை எழுதுவதுதான் நடக்கிறது. ரகப்பெயர் விஷயமும் இப்படித்தான். பெயர் பதிவான ரகத்தின் கன்றுக்கு அந்தப் பெயர் செல்லும். அதே செடியின் விதையில் முளைத்ததற்குச் செல்லாது, எத்தனை அழகாக இருந்தாலும். 1950இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ரொமிலியாட் சங்கம்தான் இன்றைக்கும் ரகங்களைப் பதிகிறது. அதன் பதிவேட்டில் இருக்கும் படத்துக்கும் உங்கள் செடிக்கும் ஒற்றுமை இருப்பது மட்டும் ஆதாரமாகாது.

கிரிப்டாந்தஸ் வளர்ப்பவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. இதுவும் பிரேசில்தான்; ஆனால் இங்கே பலருக்கும் கிடைத்திருப்பது மரநிழலின் ஈரத்தில் வளரும் வகை. தரையோடு தரையாக நட்சத்திரம்போல் விரிந்து, விளிம்பு நெளிந்து, முள் என்று சொல்லவே முடியாத பொடிப் பற்களோடு இருக்கும். வெள்ளைப் பூக்கள் இலைகளுக்கு நடுவே புதைந்து மலர்வதால் பலர் தங்கள் செடி பூக்கவே இல்லை என்று நினைக்கிறார்கள். காலையில் நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள். கன்றுகள் இலைக் கக்கத்தில் முளைத்து, லேசாகத் தொட்டால் கையோடு வந்துவிடுவதும் இதன் குணம்.

தொல்லை நிறத்தில்தான். நல்ல வெளிச்சத்தில் ரோஜா நிறத்தில் ஜொலிப்பது, நிழல்வலைக்குக் கீழே சில வாரங்களில் பச்சையும் பழுப்புமாக மாறிவிடும். ஒரே கன்றை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு போய், பிறகு ஒருவர் வீட்டில் ஒரு பெயரும் மற்றவர் வீட்டில் வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் தங்களுடையதுதான் சரி என்று படத்தோடு வாதிடுகிறார்கள். இலை நிறத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். கோடுகள் கொஞ்சம் நம்பலாம். பிவிட்டாட்டஸில் இலையின் நீளவாக்கில் வெளிறிய இரண்டு பட்டைகள் ஓடும், அது இலைக்குள்ளேயே இருக்கும் நிறம். ஸோனாட்டஸில் குறுக்கே வரிக்குதிரைப் பட்டைகள். அவை மேலே படிந்த செதில்கள், நகத்தால் சுரண்டினால் அழியும். ஆனால் இந்த இரண்டு கோலங்களும் கலப்பினங்களில் எல்லா விகிதத்திலும் கலந்து கிடக்கின்றன. பட்டை குறுக்கே ஓடுகிறதே என்று ஸோனாட்டஸ் என எழுதிவிட வேண்டாம். "கிரிப்டாந்தஸ், குறுக்குப் பட்டை" என்று எழுதுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை.

பெயர் தெரிந்த செடியே பெயர் மாறிப்போவதும் உண்டு. 2017இல் கிரிப்டாந்தஸ் பேரினத்தை உடைத்து, சில இனங்களை ஹோப்லோகிரிப்டாந்தஸ், ரொக்கௌட்ஸ்கியா, ஃபோர்ஸ்ஸேயா என்ற புதிய பேரினங்களுக்கு மாற்றினார்கள். பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப்போட வேண்டாம். புதுப் பெயரைக் கீழே சேர்த்து எழுதினால் போதும், பழைய பெயர்தான் செடியின் வரலாற்றைத் தேட உதவும்.

அலங்கார அன்னாசிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூக்கொத்தின் உச்சியில் மறுபடியும் ஒரு இலைக்குடுமி வைக்கும் ப்ரொமிலியாட் என்றால் அது அன்னாசியாகத்தான் இருக்கும். சாப்பிடும் ரகங்களிலேயே முள் ஒரு நல்ல அடையாளம்: கியூ ரகத்தில் இலை நுனியில் மட்டும் சில முட்கள், வாழக்குளத்துக்காரர்கள் பயிரிடும் மொரீஷியஸில் விளிம்பு முழுக்க முள். சந்தையில் வாங்கிய பழத்தின் குடுமியை நட்டு வைத்துவிட்டு "அபூர்வ ப்ரொமிலியாட்" என்று எழுதுபவர்களும் நம்மில் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

ப்ரொமிலியா என்ற பேரினத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது அது. பூக்கும் சமயம் நடு இலைகள் செக்கச்செவேலென்று மாறும், ஆசையாக இருக்கும். ஆனால் விளிம்பு முட்கள் சில மேல்நோக்கியும் சில கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். உள்ளே விட்ட கையைக் கீறல் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. தென் அமெரிக்காவில் மாடு புகாமல் இருக்க வேலியாக நடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஓடும் தண்டுகளால் பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பெயர் தெரியாத "பெரிய அன்னாசிக் கன்று" கொடுக்கும் முன், முட்கள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

பிட்கெர்னியாவும் சிலரிடம் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். புல்போல மெல்லிய இலை, தொட்டியில் ஏதோ கோரை முளைத்திருக்கிறது என்று பிடுங்கிப் போட்டுவிடும் தோற்றம். சில இனங்கள் வறண்ட காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு அடிக்கிழங்கு போன்ற பகுதியோடு கிடக்கும். சுமார் 400 இனங்கள் கொண்ட பேரினம் அது. நீண்ட சிவப்புப் பூ வரும்வரை பொறுத்திருங்கள். வந்த பிறகும் பேரினத்தைத் தாண்டாதீர்கள்.

போனைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். நான் எதிரி இல்லை. பேரினம் வரைக்கும் பல சமயம் சரியாகவே சொல்கின்றன. ஆனால் மேலிருந்து எடுத்த ஒரே ஒரு இலையடுக்குப் படத்தைத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். செயலிக்கோ விஷயம் தெரிந்த ஒருவருக்கோ அனுப்புவதானால், இலையின் அடிப்புறம், விளிம்பு முள் கிட்டத்தில், பூத்தண்டு எங்கிருந்து புறப்படுகிறது என்பது, ஒரு முழுப் பூ, பிளந்த பூ, காயும் விதையும் என்று எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். அளவு தெரியாத படத்தில் டிக்கியா குட்டியா பெரிதா என்று யாரும் சொல்ல முடியாது.

பூக்க வைப்பதற்கு ஒரு வழி உண்டு, எல்லாவற்றுக்கும் அல்ல. அன்னாசித் தோட்டங்களில் ஒரே சமயத்தில் பூக்க எத்திஃபான் கரைசலை ஊற்றுகிறார்கள். அது வெளிவிடும் எத்திலீன் வாயுதான் பூவைத் தூண்டுகிறது. வீட்டில் அலங்கார அன்னாசியையோ தொட்டி வகைகளையோ பழுத்த ஆப்பிள் ஒன்றுடன் பிளாஸ்டிக் பையில் சில நாள் நிழலில் மூடி வைத்துப் பார்க்கலாம். வளர்ந்து முடிந்த தலைக்கு மட்டும். சின்னக் கன்றைத் தூண்டினால் சோனியாக ஒரு பூ பூத்துவிட்டு அந்தத் தலை போய்விடும். டிக்கியாவுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், வெயிலும் வயதும் கொடுத்தால் தானே பூக்கும்.

கடைசியாகச் சீட்டு. மார்க்கர் பேனா எழுத்து நம் வெயிலில் ஓர் ஆண்டு தாங்குவதே கஷ்டம். சொரசொரப்பான பிளாஸ்டிக் பட்டையில் சாதாரணப் பென்சிலால் எழுதினால் பல ஆண்டுகள் நிற்கும். குளிர்பான டின்னை வெட்டி, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதினால் அதைவிட நல்லது. விளிம்பைத் தட்டி மடித்துவிடுங்கள், கை அறுக்கும். எழுத வேண்டியது: உறுதியாகத் தெரிந்த அளவுக்குப் பெயர், யாரிடமிருந்து எப்போது வந்தது, கன்றா விதையா, பூத்த மாதம், பூவின் நிறம், தண்டு நடுவிலா பக்கத்திலா. யாராவது ஒருவர் சொன்ன பெயரை எழுத ஆசையாக இருந்தால் எழுதுங்கள், கூடவே "இன்னார் சொன்னது" என்றும் எழுதுங்கள். அப்படியொரு சீட்டு இருந்தால் பத்து வருஷம் கழித்துக்கூட ஒருவர் சரிபார்க்கலாம்.

அடுத்த கூட்டத்தில் வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். லென்ஸ், பிளேடு, வெள்ளைத் தட்டு, பென்சில் எல்லாம் நான் கொண்டுவருகிறேன். பூத்திருக்கும் செடி எதுவானாலும் தூக்கி வாருங்கள். தொட்டி கனமாக இருந்தால் ஒரு பூவையும் ஒரு இலையையும் ஈரத்துணியில் சுற்றி வாருங்கள். ப்ரொமிலியா வைத்திருப்பவர்கள் படம் மட்டும் கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் பின்வரிசையில் டிக்கியா தொட்டிகளோடு உட்காருபவள்